காப்புறுதி: தெரிதலும் தெளிதலும்

ஓலையால் வேய்ந்த வீடுகள் மிகுந்திருந்த காலத்தில், யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் ஒரு வீடு தீப்பற்றி எரிந்துவிட்டால் அயலார் அனைவரும் வந்து கூடுவர். ஒருவர் பனை மரம் தருவார். மற்றொருவர் கிடுகு தருவார். கொடுப்பதற்குப் பொருள் இல்லாதவர் தம் உழைப்பைத் தருவார். சில நாள்களுள் புதிய கூரை எழுந்துவிடும். இவ்வுதவிக்கு எவரும் பத்திரம் எழுதியதில்லை. ஆயினும் அதனுள்ளே ஒரு கணக்கு இருந்தது. இன்று அவன் வீட்டுக்கு நேர்ந்தது நாளை எவர் வீட்டுக்கும் நேரலாம். ஆதலின் ஒருவனுக்கு வந்த பெருநட்டத்தைப் பலரும் சிறிது சிறிதாகப் பங்கிட்டுக் கொள்வோம் என்பதே அக்கணக்கு.

காப்புறுதி என்று இன்று வழங்குவதும் அதே கணக்குத்தான். ஐம்பது இலட்சம் ரூபா பெறுமதியுள்ள ஆயிரம் வீடுகள் ஓரிடத்தில் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குச் சராசரியாக ஒரு வீடு எரிகின்றது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஐயாயிரம் ரூபா செலுத்தினால், ஐம்பது இலட்சம் சேர்ந்துவிடும். எரிந்த வீட்டை மறுபடியும் எழுப்பலாம். நிருவாகச் செலவுக்கும் எதிர்பாராத பெருநட்டத்துக்குமாக இன்னும் சிறிது சேர்த்து அறவிடுவர். அதுவே காப்புறுதிக் கட்டணம். 'இத்தனை ஆண்டு கட்டியும் ஒரு சதமேனும் திரும்ப வரவில்லையே' என்று வருந்துவோர் பலர். வீடு எரியாமல் இருந்ததற்காக வருந்துதல் எங்ஙனம் பொருந்தும்? அவர்கள் கொடுத்த பணத்துக்கு ஓராண்டு அச்சமின்றி உறங்கும் உரிமை கிடைத்தது.

எனினும் அயலார் உதவிக்கும் காப்புறுதிக் கம்பனியின் உதவிக்கும் பெரியதொரு வேறுபாடு உண்டு. அயலார் முகத்தைப் பார்த்து உதவுவர். கம்பனி பத்திரத்தைப் பார்த்து உதவும். தீ எவ்வாறு மூண்டது, வீட்டில் ஆள் இருந்தாரா, எத்தொகைக்கு எழுதப்பட்டது என்றெல்லாம் அயலார் கேட்பதில்லை. கம்பனி கேட்கும். விடை பத்திரத்தின் சொற்களோடு பொருந்தாவிடின், பல்லாண்டு தவறாமற் கட்டணம் செலுத்தியவரும் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். காப்புறுதியின் பயன் நட்டம் வந்த நாளிலே தோன்றினும், அது தீர்மானிக்கப்படுவது பத்திரம் எழுதிய நாளிலேயாம்.

தீக் காப்புறுதி தோன்றிய வரலாறு சுவையுடையது. 1666 ஆம் ஆண்டு செப்டெம்பர் 2 ஆம் நாள், இலண்டன் மாநகரில் உரொட்டி சுடுவார் ஒருவரின் கடையிலே மூண்ட தீ, நான்கு நாளுக்குமேல் எரிந்து பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளைச் சாம்பராக்கியது. அக்காலத்தில் வீடிழந்தோர்க்கு ஈடு செய்யும் ஏற்பாடு எதுவும் இருந்ததில்லை. நகரம் மீண்டும் கட்டப்பட்டபோது, நிக்கலஸ் பார்பன் என்பவர் 1680 ஆம் ஆண்டளவில் வீடுகளுக்குத் தீக் காப்புறுதி வழங்கும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதே நூற்றாண்டின் இறுதியில், எட்வேட் லொயிட் என்பவரின் கோப்பிக் கடையிலே கப்பற்காரரும் வணிகரும் கூடிக் கடற்பயணத்துக்கான காப்புறுதியை எழுதலாயினர். வீட்டுக்கு ஒன்றும் வழிப்பயணத்துக்கு ஒன்றுமாக, இன்றைய காப்புறுதியின் இரு கிளைகள் இவ்வாறு வளர்ந்தன. மோட்டார் வண்டி பின்னர் வந்தது. அதற்கான காப்புறுதியும் பின்னரே வந்தது.

இலங்கையில் இத்தொழிலை முதலில் அந்நியக் கம்பனிகளே பெரிதும் நடத்தின. 1961 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தினால் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. 1962 முதல் ஆயுட் காப்புறுதியும், 1964 முதல் வீடு, வண்டி முதலிய பொதுக் காப்புறுதியும் அதன் தனியுரிமையாயின. 1980களில் தனியார் கம்பனிகளுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் இத்தொழிலை மேற்பார்வை செய்யச் சபை ஒன்றை அமைத்தது. இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழு என்று இன்று பெயர் வழங்குவது அதுவே. கம்பனிகள் பல, விளம்பரங்கள் அவற்றினும் பல. தெரிந்தெடுக்கும் பொறுப்பு மக்களுடையதாயிற்று.

எக்காப்புறுதியாயினும் நான்கு கேள்விகளை எழுப்பி விடை காணல் வேண்டும். எப்பொருளுக்கு? எத்தொகைக்கு? எக்காரணத்தால் வரும் நட்டத்துக்கு? எந்நிபந்தனைகளுக்கு உட்பட்டு? இந்நான்கையும் வீடு, வண்டி, பயணம் என்னும் மூன்றிலும் பொருத்திப் பார்த்தால், பத்திரத்தின் நுண்ணெழுத்துக்கள் அச்சமூட்டா.

முதலில் வீடு. வீட்டுக் காப்புறுதியில் பலரும் தடுமாறும் இடம் தொகை. வீட்டை விற்றால் என்ன விலை பெறும் என்று எண்ணி அத்தொகைக்கு எழுதுவார் உளர். அது பிழை. விற்பனை விலையில் நிலத்தின் விலையும் அடங்கும், நிலம் எரிவதில்லை. முன்னொருகால் கட்டிமுடித்த செலவை நினைத்து எழுதுவாரும் உளர். அதுவும் பிழை. அதே வீட்டை இன்று அத்திவாரத்திலிருந்து கட்டி முடிக்க என்ன செலவாகும் என்பதே சரியான கணக்கு. இடிபாடுகளை அகற்றும் கூலி, படம் வரைபவரின் கட்டணம், மதில், கேற்று, கிணற்று மோட்டார் ஆகியவற்றையும் அதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தொகை குறைந்தால் வரும் தீங்கை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒருவர் தம் வீட்டை ஒரு கோடி ரூபாவுக்குக் காப்புறுதி செய்திருக்கிறார். அதை இன்று கட்ட இரண்டு கோடி வேண்டும். அடுப்படியில் தீ மூண்டு நாற்பது இலட்சம் ரூபா நட்டமாகின்றது. 'ஒரு கோடிக்கு எழுதியிருக்கிறேன். நட்டமோ நாற்பது இலட்சம். முழுவதும் கிடைக்கும்' என்று அவர் எண்ணுவார். கிடைப்பதோ இருபது இலட்சமே. வீட்டின் பெறுமதியிற் பாதிக்கே அவர் காப்புறுதி செய்தார். ஆதலின் மற்றைப் பாதிக்கு அவரே தமக்குக் காப்புறுதி செய்தவராகக் கருதப்படுவார். ஒவ்வொரு நட்டத்திலும் பாதி அவருடைய தலையில் விழும். இதுவே விகிதாசார விதி. தீக் காப்புறுதிப் பத்திரங்களில் இது பெரும்பாலும் இடம்பெறும்; ஆயினும் வாசித்தவர் சிலரே.

இவ்விதி இலங்கையில் அண்மைக் காலத்தில் முன்னிலும் கொடியதாயிற்று. 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அண்மித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதமாயிற்று. சீமெந்து, இரும்புக் கம்பி, ஓடு, மின்கம்பி, கூலி யாவும் ஏறின. ஆனால் அதற்கு முன்னர் எழுதிய பத்திரத்திலுள்ள தொகை தானாக ஏறுவதில்லை. ஆண்டுதோறும் பழைய தொகைக்கே கட்டணம் செலுத்திப் புதுப்பித்து வருபவர், தம் வீடு முழுவதும் காக்கப்பட்டிருப்பதாக நம்பிக்கொண்டே அரைகுறைக் காப்பில் வாழ்கிறார். வீட்டின் மேல் வங்கிக் கடன் பெற்றவர் நிலையும் ஆராயத்தக்கது. வங்கி செய்விக்கும் காப்புறுதி சில வேளைகளில் கடன் தொகைக்கு மட்டுமே இருக்கும். அதிலே வரும் பணமும் முதலில் வங்கியின் கடனுக்கே செல்லும்.

அடுத்தது காரணம். தீக் காப்புறுதிப் பத்திரத்தின் அடிப்படை வடிவம் தீயையும் மின்னலையுமே பெரும்பாலும் காக்கும். வெள்ளம், புயல், நிலநடுக்கம், கடற்கோள், களவு, குழாய் வெடித்து நீர் பாய்தல் முதலியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியையும், 2004 டிசம்பர் 26 இல் வடக்கு, கிழக்கு, தெற்குக் கரைகளை அழித்த கடற்கோளையும், 2016 மே மாதத்தில் களனி ஆற்றோரத்தை மூழ்கடித்த வெள்ளத்தையும், அதே நாள்களில் அரநாயக்கவில் மலை சரிந்ததையும் அறிந்த மக்களுக்கு, தீ ஒன்றே வீட்டின் பகை அன்று என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மலைநாட்டில் இருப்பவர் மண்சரிவு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரையோரத்தில் இருப்பவர் கடற்கோளைப் பார்க்க வேண்டும். தாழ்நிலத்தில் இருப்பவர் வெள்ளத்தைப் பார்க்க வேண்டும். 'எல்லா ஆபத்துக்கும்' என்று முகவர் வாயாற் சொல்வது போதாது. அது எழுத்தில் இருத்தல் வேண்டும்.

கலகம், வேலைநிறுத்தக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றால் வரும் சேதத்துக்கு வேறாகக் கட்டணம் செலுத்திக் காப்புப் பெறலாம். அதற்கான நிதியைத் தேசியக் காப்புறுதி நம்பிக்கை நிதியம் நிருவகித்து வருகின்றது. ஆனால் போரையும் உள்நாட்டுப் போரையும் வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்கள் வெளிப்படையாகவே விலக்கிவிடுகின்றன. ஒரு நாட்டின் வீடுகள் ஒரே காலத்தில் அழியுமாயின், பலர் கூடி ஒருவரைத் தாங்கும் கணக்கே நிலைகுலைந்துவிடும் என்பது அதற்குக் காரணம். இவ்விலக்கின் கனத்தை வடக்கிலும் கிழக்கிலும் உணராதார் இலர்.

நிபந்தனைகளுள் முக்கியமானது ஆளில்லாத வீடு பற்றியது. வீடு தொடர்ந்து முப்பது நாளுக்குமேல் பூட்டிக் கிடக்குமாயின், கம்பனியின் எழுத்துமூலமான சம்மதம் பெற்றிருந்தாலன்றிக் காப்பு நின்றுவிடும் என்று பல பத்திரங்கள் கூறுகின்றன. பிள்ளைகளைப் பார்க்க இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ சென்று ஆறு மாதம் தங்கிவரும் பெற்றோர்களும், ஊரிலுள்ள வீட்டைப் பூட்டித் திறப்பை உறவினரிடம் கொடுத்துவிட்டு வெளிநாட்டில் வாழ்பவர்களும் இவ்வரியை இருமுறை வாசித்தல் நன்று. புறப்படுமுன் கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதி மறுமொழி பெற்றுக்கொண்டால் தொல்லையில்லை.

வீட்டினுள் இருக்கும் பொருள்களுக்கு வேறாக எழுத வேண்டும். நகைகளுக்குப் பத்திரங்கள் ஓர் எல்லை விதிப்பது வழக்கம். அதற்கு மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு மதிப்பிட்டுக் காட்ட வேண்டும். களவுக்கான காப்பு பெரும்பாலும் கதவையோ யன்னலையோ உடைத்துப் புகுந்த களவுக்கே உரியது. வேலைக்கு வந்தவர் அலுமாரியிலிருந்து எடுத்துச் சென்றால் அது அடங்காமற் போகலாம். பொருள்களின் அட்டவணை ஒன்றை எழுதி, பற்றுச்சீட்டுகளையும் படங்களையும் சேர்த்து, அதன் ஒரு பிரதியை வேறிடத்தில் வைத்திருப்பது அறிவுடைமை. வீட்டோடு எரிந்துபோன அட்டவணையால் யாருக்கு என்ன பயன்?

இனி மோட்டார் வண்டி. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, மூன்றாந் தரப்பினர் காப்புறுதி இன்றி வண்டியை வீதியிற் செலுத்துதல் குற்றம். காப்புறுதிச் சான்றிதழைக் காட்டினாலன்றி வருடாந்த வருமான அனுமதிப்பத்திரமும் கிடையாது. இங்கே முதற்றரப்பு வண்டிச் சொந்தக்காரர். இரண்டாந் தரப்பு கம்பனி. மூன்றாந் தரப்பு வீதியிலே அடிபடும் அயலார். அந்த அயலாருக்கு நேரும் உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்கும் ஈடு கொடுக்க வழி இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம். பிறர் சொத்துக்கு வரும் சேதத்தை எவ்வளவு வரை கம்பனி ஏற்கும் என்பதும் பத்திரத்திற் குறிக்கப்பட்டிருக்கும்.

இதனை விளங்காமையால் விளைவது யாது? மூன்றாந் தரப்புக் காப்புறுதியை மட்டும் எடுத்தவர், தம் வண்டி மரத்தில் மோதி நொறுங்கினால் கம்பனி திருத்தித் தரும் என்று நம்பியிருப்பார். ஒரு சதமும் வராது. களவு போனாலும் வராது. தம் வண்டிக்கும் காப்பு வேண்டுவோர் முழுமையான காப்புறுதி எடுத்தல் வேண்டும். மிகப் பழைய வண்டியொன்றின் பெறுமதி குறைவாயின், கூடிய கட்டணம் கொடுத்து அதை முழுமையாகக் காப்பதைவிட மூன்றாந் தரப்போடு நிறுத்துவது சிக்கனமாகலாம். முச்சக்கர வண்டி ஒன்றே பிழைப்பாக உள்ள குடும்பமோ வேறு கணக்கிட வேண்டும். அவ்வண்டி ஒரு மாதம் ஓடாவிடின் அடுப்பும் எரியாது.

வண்டியின் தொகையும் வீட்டைப் போலவே ஆராய வேண்டியது. 2020 மார்ச்சிலிருந்து வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது; தனியார் வண்டிகளுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இவ்விடைக்காலத்தில் பழைய வண்டிகளின் விலை, வாங்கிய விலையையும் கடந்து ஏறியது. வாங்கிய விலைக்கே காப்புறுதி செய்து வந்தவர்கள் உண்மைப் பெறுமதியிற் சிறுபகுதிக்கே காப்புடையவர் ஆயினர். மறுதலையாக, விலை இறங்கும் காலத்தில் கூடிய தொகைக்கு எழுதுவதும் வீண். வண்டி முற்றாக அழிந்தால் அன்றைய சந்தைப் பெறுமதிக்கு மேல் கம்பனி கொடாது. இழந்ததை ஈடுசெய்தலே காப்புறுதி. இலாபம் ஈட்டல் அன்று. ஆகவே ஆண்டுதோறும் சந்தை விலையை விசாரித்துத் தொகையைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நிபந்தனைகளை விரைவாகச் சொல்லலாம். செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாதவரோ மது அருந்தியவரோ ஓட்டும்போது நேர்ந்த விபத்தினால் வண்டிக்கு வரும் சேதத்தைக் கம்பனி ஏற்காது. சொந்தப் பாவனைக்கென்று எழுதிய வண்டியை வாடகைக்கு விட்டாலும் காப்புக் கெடும். பாடசாலைப் பிள்ளைகளைக் கூலிக்கு ஏற்றிச் செல்வதும் வாடகையே. ஒவ்வொரு விபத்திலும் முதலில் குறித்த ஒரு தொகையைச் சொந்தக்காரரே ஏற்க வேண்டும் என்றும் விதி இருக்கலாம். அத்தொகை கூடினால் கட்டணம் குறையும். ஆனால் நெருக்கடியில் அதைக் கொடுக்கக் கையில் பணம் இருக்குமா என்று எண்ணிப் பார்த்தே ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஈடு கோராத ஆண்டுகளுக்குக் கட்டணக் கழிவு உண்டு. ஆதலின் சிறு கீறலுக்கெல்லாம் ஈடு கோரிப் பெரிய கழிவை இழப்பது புத்தியன்று.

பழைய வண்டி வாங்குவோர்க்கு இன்னுமோர் எச்சரிக்கை. உடைமை மாற்றம் பதியாமல், கையெழுத்திட்ட பத்திரங்களை மட்டும் கைமாற்றிக்கொண்டு வண்டியை வாங்குவதும் விற்பதும் நாட்டில் வழக்கமாகிவிட்டது. வண்டியோடு காப்புறுதியும் வந்துவிட்டது என்று வாங்கியவர் எண்ணுகிறார். பத்திரமோ விற்றவர் பெயரில் இருக்கிறது. விற்றவருக்கு அவ்வண்டியில் இனி எந்த நட்டமும் இல்லை. வாங்கியவருக்குக் கம்பனியோடு எந்த ஒப்பந்தமும் இல்லை. இருவருக்கும் நடுவே காப்பு மறைந்து போகின்றது. பெயர் மாற்றத்தை உடனே பதிந்து புதிய பத்திரம் பெறுதலே பாதுகாப்பு.

மூன்றாவது பயணம். பயணக் காப்புறுதியைப் பலர் விசாவுக்கு வேண்டிய ஒரு துண்டுக் கடதாசியாக மட்டுமே கருதுகின்றனர். ஐரோப்பாவின் செங்கன் நாடுகளுக்குக் குறுங்கால விசாக் கோருவோர் குறைந்தது 30,000 யூரோ வரையான மருத்துவக் காப்புக் காட்ட வேண்டும். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்க்கக் கனடா செல்லும் பெற்றோர், 'சுப்பர் விசா' எனப்படும் நீண்டகால அனுமதி பெற வேண்டுமாயின், குறைந்தது ஓராண்டுக்கு 100,000 கனடிய டொலர் மருத்துவக் காப்புறுதி வைத்திருக்க வேண்டும். அந்நாடுகள் இவ்வாறு விதிப்பது காரணமின்றி அன்று. இலங்கையில் அரசாங்க வைத்தியசாலையிலே இலவசமாகச் சிகிச்சை பெற்றுப் பழகியவர்க்கு, அங்கே சில நாள் வைத்தியசாலையில் இருப்பதற்கு அறவிடும் தொகை ஒரு வீட்டின் விலையாகத் தோன்றும். காப்பில்லாத பெற்றோரின் கடனைத் தீர்ப்பவர் அங்கே இரவு பகலாக உழைக்கும் பிள்ளையே.

பயணக் காப்புறுதியில் முதலில் வாசிக்க வேண்டிய வரி, முன்னரே உள்ள நோய் பற்றியது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இருதய நோய் ஆகியவை உடைய முதியோர் பலர். இவற்றால் விளையும் சிகிச்சைச் செலவைச் சில பத்திரங்கள் முற்றாக விலக்கிவிடும். சில பத்திரங்கள், பயணத்துக்கு முந்திய குறித்த காலத்தில் நோய் மாற்றமின்றி இருந்திருந்தால் மட்டும் ஏற்கும். அக்காலத்தில் வைத்தியர் குளிசையின் அளவைக் கூட்டினாலோ புதிய மருந்து கொடுத்தாலோ, அது நோய் மாறியதற்கு அடையாளமாகக் கொள்ளப்படலாம். விமானச்சீட்டு எடுத்த பின்னர் மருந்து மாற்றப்பட்டால், அதைக் கம்பனிக்கு அறிவித்தல் வேண்டும். சிறிது கூடிய கட்டணம் செலுத்தி அந்நோயையும் சேர்த்துக்கொள்ள வழியிருந்தால் அதுவே மேல்.

உடலை நாட்டுக்குக் கொண்டுவருஞ் செலவு, நோயாளரை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லுஞ் செலவு, பயணம் தடைப்பட்டால் வரும் நட்டம், பொதிகள் காணாமற் போதல் ஆகியனவும் பத்திரத்தில் உள்ளனவா, எவ்வளவு வரை என்று பார்க்க வேண்டும். பொதிகளைப் பொறுத்தமட்டில் விமானக் கம்பனிக்கும் பொறுப்பு உண்டு. 1999 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில், சேதமடைந்த பொதி பற்றிப் பெற்ற நாளிலிருந்து 7 நாளுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்த பொதி பற்றி 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறைப்பாடு செய்தல் வேண்டும். விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் அங்குள்ள கருமபீடத்தில் பதிந்து சான்று பெறுவது நன்று. காப்புறுதிக் கம்பனியும் அச்சான்றையே முதலிற் கேட்கும். வெளிநாட்டில் வைத்தியசாலையிற் சேர நேர்ந்தால், பத்திரத்திலுள்ள அவசர இலக்கத்துக்கு உடனே அறிவித்தல் வேண்டும். அவ்விலக்கம் பயணப் பெட்டியின் அடியில் இருந்தாற் போதாது. கூடச் செல்பவரிடமும் பிள்ளைகளிடமும் இருத்தல் வேண்டும்.

இம்மூன்றுக்கும் பொதுவான ஒரு கடமை உண்டு. அது உண்மை கூறல். கடைச் சரக்கை வாங்குபவன் அதைப் பார்த்து வாங்குகிறான். காப்புறுதி கொடுப்பவனோ விண்ணப்பகாரரின் வாய்ச்சொல்லை நம்பியே கொடுக்கிறான். இக்கொள்கையை இங்கிலாந்தின் பிரதம நீதியரசர் மான்ஸ்பீல்ட் பிரபு 1766 ஆம் ஆண்டு ஒரு வழக்கிலே நிலைநாட்டினார். சுமாத்திராத் தீவிலிருந்த மார்ள்பரோக் கோட்டையின் தேசாதிபதி, அக்கோட்டை பகைவர் கைப்படுமாயின் ஈடு பெறும்படி காப்புறுதி செய்திருந்தார். பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தனர். கோட்டையின் பலவீனத்தை அவர் மறைத்தார் என்று காப்புறுதி கொடுத்தவர் பணம் தர மறுத்தார். கொடுத்தவரும் பொதுவாக அறிந்திருக்கக்கூடிய செய்திகளே அவை என்று கண்ட நீதியரசர், தேசாதிபதியின் பக்கமே தீர்ப்புச் சொன்னார். எனினும் தனக்கு மட்டும் தெரிந்த முக்கியமான உண்மையை ஒருவர் மறைத்தால் ஒப்பந்தம் செல்லாது என்ற விதி அத்தீர்ப்பினால் உறுதியாயிற்று.

ஆகையால் விண்ணப்பப் படிவத்தை முகவர் நிரப்பட்டும் என்று விட்டு, வெற்றுத்தாளில் ஒப்பமிடுதல் பெருந்தவறு. வீட்டின் ஒரு பகுதி ஓலைக் கூரையாயின் அதைச் சொல்ல வேண்டும். முன் அறையில் கடை நடந்தால் அதைச் சொல்ல வேண்டும். முன்பு நேர்ந்த விபத்தையும் நோயையும் சொல்ல வேண்டும். உண்மை சொன்னால் கட்டணம் சிறிது கூடலாம். மறைத்தால், கட்டிய கட்டணம் யாவும் ஆற்றிற் கரைத்த புளியாகலாம். படிவத்தையும் பத்திரத்தின் விளக்கத்தையும் தமிழிற் கேட்டுப் பெறத் தயங்கலாகாது. விளங்காத மொழியில் வைத்த ஒப்பமும் ஒப்பமே ஆகும்.

கம்பனியைத் தெரிந்தெடுக்கும்போது கட்டணம் ஒன்றையே ஒப்பிடுவது போதாது. ஒரே நான்கு கேள்விகளை இரண்டு மூன்று கம்பனிகளிடம் கேட்டு விடைகளை ஒப்பிட வேண்டும். முகவர் கம்பனியின் சார்பில் வருபவர். தரகர் வாடிக்கையாளர் சார்பில் பல கம்பனிகளிடமும் விசாரிப்பவர். இருவருள் எவரிடம் பேசுகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு பேச வேண்டும். பணத்துக்குக் கம்பனியின் பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

நட்டம் நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவை சில. கம்பனிக்குத் தாமதமின்றி அறிவித்தல். விபத்து, களவு, தீ ஆகியவற்றைப் பொலிசிற் பதிதல். சேதம் மேலும் பெருகாமற் தடுத்தல். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை சேதமான பொருள்களை எறியாதிருத்தல். வெள்ளம் ஏறிய அடையாளத்தைச் சுவரிற் கழுவுமுன் படம் எடுத்தல். வீதி விபத்திலே, 'பிழை என்னுடையது' என்று எழுதிக் கொடுப்பதும், கம்பனியைக் கேளாமல் மற்றவரோடு பேசித் தீர்த்துக்கொள்வதும், பின்னர் ஈடு பெறும் உரிமையைக் கெடுக்கக்கூடும்.

கம்பனி கோரிக்கையை மறுத்தால், அத்துடன் வழி அடைபட்டதென்று எண்ண வேண்டியதில்லை. பத்திரத்தின் எந்த வரியின்படி மறுக்கப்பட்டது என்று எழுத்திற் கேட்க வேண்டும். கம்பனிக்குள்ளேயே முதலில் மேன்முறையீடு செய்யலாம். அதனால் நியாயம் கிடையாவிடின், காப்புறுதி ஒம்புட்ஸ்மன் எனப்படும் குறைகேள் அதிகாரியிடமோ ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். நீதிமன்றம் இறுதி வழி.

பத்திரம் இல்லாத வீடுகளிலும் பார்க்க, பத்திரம் இருந்தும் அதை விரித்துப் பாராத வீடுகளிலேதான் ஏமாற்றம் பெரிது. இல்லாதவர் தம் நிலையை அறிந்து எச்சரிக்கையோடு வாழ்கிறார். வைத்திருப்பவர் இல்லாத காப்பை நம்பி வாழ்கிறார். பத்திரம் வைத்திருக்கும் நேயர்கள் அலுமாரியிலிருந்து அதை எடுத்து, தொகை இன்றைய விலைக்குப் பொருந்துகிறதா, தமது ஊருக்கு வரக்கூடிய ஆபத்து அதிற் சேர்ந்திருக்கிறதா, விலக்கப்பட்டவை எவை, முடிவுத் திகதி எது என்னும் நான்கையும் பார்த்துக்கொள்வாராக. ஒன்றேனும் பொருந்தாவிடின், திருத்துவதற்கு ஏற்ற நாள் நட்டம் வராத இந்நாளே.